ஓடத்துறையின் இரண்டாவது துணி

அத்தியாயம் 11

ஓடக்காரர் காயாரோகணம் கொல்லைப்பக்கம் வந்து நின்று தொண்டையைக் கனைத்தால் ஆற்றில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். மற்ற நாளில் அவர் வாசல் பக்கமாக வருவார், சத்தமாகவே பேசுவார்.

ரசியா பேகம் விடியற்கால சுபுஹு தொழுகை முடித்து அடுப்பில் பால் வைத்திருந்தாள். பாலை இறக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"அம்மா, கம்பத்துல பச்சை ஏறியிருக்கு."

"பச்சையா? மழையே இல்லியே அண்ணே."

"மழையும் இல்ல, காத்தும் இல்ல. தண்ணி பூனை மாதிரி போவுது. ராவுத்தர் மொதலாளி விடியறதுக்கு முன்னாடியே வந்து தன் கையாலேயே ஏத்திட்டுப் போயிட்டாங்க. என்னங்கன்னு கேட்டேன். வெள்ளையும் ஏறும், காத்திருன்னாங்க. அதான் உங்களைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். ஏறுமா?"

ரசியா கதவைப் பிடித்தபடி ஆற்றுப் பக்கம் பார்த்தாள். "நீங்க ஓடத்தை எடுங்க. ஒரு துணிக்கு ஓடம் நிக்காது" என்று மட்டும் சொன்னாள். காயாரோகணம் தலையாட்டிவிட்டுப் போனார். நாகப்பட்டினத்துக் கடலில் வலை இழுத்து வளர்ந்த மனிதர். கடலுக்குப் பயப்படாதவர், ராவுத்தர் முதலாளி ஹாஜா மைதீனுக்குப் பயப்படுவார்.

இந்த வாரம்தான் புதிதாக வாசிக்க உட்கார்ந்தவர்களுக்காக ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவோம்.

கூத்தாநல்லூருக்குக் கிழக்கே இருக்கும் இந்தத் துறைக்கு ஹாஜியார்துறை என்று பெயர் வரக் காரணமானவர், இந்த வீட்டுப் பாட்டனார் மீரா உசேன் ராவுத்தர். பினாங்கில் சம்பாதித்தவர். தாயார் படுத்த படுக்கையான சேதி கேட்டுக் கப்பலேறி வந்தவர், வெள்ளத்தில் ஓடக்காரன் கேட்ட கூலியைக் கொடுக்கத் தயாராக இருந்தும் ஓடம் கிடைக்காமல் அக்கரையிலேயே நின்றார். தாயார் மௌத்தாகி, அவர் உடலைச் சுமந்த ஜனாசா இக்கரையில் போனதை அங்கிருந்துதான் பார்த்தார். அந்த வருஷமே நிலம் எழுதிவைத்து ஒரு தர்ம ஓடம் விட்டார். யாரும் ஏறலாம், காசு கிடையாது, யார் என்ன என்று கேட்கக் கூடாது.

தர்மத்துக்கு எப்போதும் இரண்டு டிரஸ்டிகள். இப்போது அண்ணன் ஹாஜா மைதீனும் தம்பி அஹமது கபீரும். துறையில் ஒரு கம்பம் உண்டு. அண்ணனுக்குப் பச்சைத் துணி, தம்பிக்கு வெள்ளை. வெள்ளக் காலத்தில் இரண்டு துணியும் ஏறினால் ஓடத்தைக் கட்டிப்போட வேண்டும். ஒன்று மட்டும் ஏறினால் ஜாக்கிரதையாக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஓடம் போவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். நிற்பதற்குத்தான் இரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும். பாட்டனாருக்குத் தம் சந்ததியைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கபீர் பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் சுபேதார். போன ஐப்பசியில் லீவில் வந்தவரைப் பாதியிலேயே திரும்பக் கூப்பிட்டார்கள். யுத்தம் வரப்போகிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. போகிற அவசரத்திலும் மனைவியை சப்-ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப் போய், தாம் யுத்த சேவையில் இருக்கும் காலம் முழுவதும் தம் டிரஸ்டி வேலைகளை ரசியா பேகமே பார்க்கலாம் என்று பவர் எழுதிக் கொடுத்தார்.

"நீ பண்றதுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. நீ தப்புப் பண்ணினா கோர்ட்டுல கையைக் கட்டிக்கிட்டு நிக்கப்போறது நான். அதனால பயப்படாமப் பண்ணு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு ரயிலேறினார். அந்தச் சிரிப்பு ரசியாவுக்குப் பல ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது.

கார்த்திகை வெள்ளத்தில் முதன்முதலாக வெள்ளைத் துணியைத் தன் கையால் கொடுத்தனுப்பினாள். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. மார்கழியில் யுத்தம் முடிந்தது. டாக்காவில் சரணடைந்துவிட்டார்கள் என்று கடைத்தெருவில் வெடி வெடித்தார்கள். கபீர் மட்டும் வரவில்லை. இடிந்த பாலங்களையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வர முடியும் என்று எழுதியிருந்தார். இப்போது தை பாதி.

இனி இன்றைக்கு வருவோம்.

வெயில் ஏறும்போது கமருன்னிஸா வந்தாள். ஹாஜா மைதீனின் மனைவி, ரசியாவுக்கு மூத்த ஓரகத்தி. கையில் மூடிபோட்ட தட்டு. உள்ளே ஆப்பமும் தேங்காய்ப்பாலும். கமருன்னிஸா காலையில் பலகாரம் கொண்டுவந்தால் சும்மா வரவில்லை என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பதால் சுற்றி வளைக்கவில்லை.

"சூடா இருக்கும்போதே சாப்புடு புள்ள. சாப்புட்டுட்டு அந்த வெள்ளைத் துணியைக் குடுத்து விட்டுடு."

"எதுக்கு அக்கா? ஆத்துல வெள்ளமா வந்திருக்கு?"

"வெள்ளம் ஆத்துல வரல, அக்கரையில வந்திருக்கு. உனக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். தை பிறந்ததிலிருந்து வடகரைத் தெருக்களில் யாரும் அரிவாளைத் தொடவில்லை. சட்டப்படி கூலி நெல் அளந்தால்தான் அறுப்புக்கு இறங்குவோம் என்று வைரக்கண்ணுவின் விவசாயக் கூலிகள் சங்கம் சொல்லிவிட்டது. ஹாஜா மைதீன் கழகத்துக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாக நடந்தவர்தான். அதே கழக ஆட்சி விவசாயக் கூலிக்குச் சட்டம் போட்டபோது மட்டும் அவருக்கு நெஞ்சைக் கரித்தது. நேற்று சாயங்காலம் தெற்கேயிருந்து லாரியில் அறுப்பாட்கள் வந்து இறங்கி மில் களத்தில் படுத்திருந்தார்கள்.

"இன்னிக்கு அறுப்பு இறங்குது. அந்தப் பக்கத்து ஜனம் பூரா ஓடத்துல வந்து வயல்ல குறுக்க உக்காரப் போவுதாம். ஓடம் ரெண்டு நாள் நின்னுச்சுன்னா அறுத்து அடிச்சு மூட்டை கட்டிடலாம். சுத்திப் போனா பாதி நாளு. பாலத்துக்கிட்ட போலீஸ் வேன் வேற நிக்குது. ஓடத்துல ஓட்டை, மராமத்துன்னு சொல்லிக்கலாம்ங்கிறாரு உங்க மச்சான்."

"ஓடத்துல ஓட்டை இல்லியே."

"ஓட்டை இருக்கா இல்லியான்னு அக்கரையிலேருந்து யாரு பாத்தா?" கமருன்னிஸா தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அது உங்க மச்சான் நெல்லு மட்டும் இல்ல. உன் நெல்லும்தான். ஒரே வரப்பு. உதிர ஆரம்பிச்சா ரெண்டும் சேந்துதான் உதிரும். தம்பி வந்து பாக்குறப்ப பத்தாயம் காலியாக் கெடந்தா என்ன பதில் சொல்லுவே?"

ரசியா ஆப்பத்தைப் பிட்டாள். இந்தக் கேள்வியை அவளே தன்னிடம் கேட்டு முடித்திருந்தாள், அதனால் கோபம் வரவில்லை. கமருன்னிஸா கெட்டவள் இல்லை. கபீர் போன பிறகு இந்த வீட்டில் ஒருநாள் கூட ரசியாவைத் தனியாகச் சாப்பிட விட்டதில்லை.

"மச்சானை வரச் சொல்லுங்க அக்கா. நான் அவங்ககிட்டயே பேசிக்கிறேன்."

"பேசு. ஆனா மெதுவாப் பேசு. அவருக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல."

ஹாஜா மைதீன் வந்தபோது வாசலிலேயே செருமிக் குரல் கொடுத்தார். தம்பி இல்லாத வீடு. முகப்பு நாற்காலியில் உட்கார்ந்தார், டீ வேண்டாம் என்றார், வந்த டீயைக் குடித்தார். ரசியா நிலைக்கதவுக்கு உள்ளே நின்றாள்.

"அக்கா சொல்லிருப்பா. துணியைக் குடுத்துடும்மா. ரெண்டே நாள்தான்."

"மச்சான், அந்தத் துணி வெள்ளத்துக்கு ஏத்துறது. ஆளைத் தடுக்குறதுக்கு இல்லியே."

"நம்ம தர்மம், நம்ம ஓடம், நம்ம வயலு."

"வயலு நம்மளது. ஓடம் தர்மத்துக்கு எழுதினதாச்சே. நம்ம நெல்லைக் காப்பாத்த அதை நிறுத்தினா, தப்பா இல்லியா மச்சான்?"

ஹாஜா மைதீன் டம்ளரைக் கீழே வைத்தார். சத்தம் போடுகிற ஆளில்லை அவர். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். மில்லில் வேலை செய்பவர்கள் அந்த மெதுவுக்குத்தான் நடுங்குவார்கள்.

"சரி. கேட்டுட்டுப் போலாம்னு மரியாதைக்காக வந்தேன். கேக்கணும்னு எனக்கு அவசியம் இல்ல. கபீர் எழுதிக் குடுத்தது யுத்த காலத்துக்கு. யுத்தம் மார்கழியிலேயே முடிஞ்சு போச்சு, நாடு பூரா இனிப்புக் குடுத்தாச்சு. உன் பவரும் அன்னிக்கே முடிஞ்சு போச்சு. இன்னிக்குத் தேதிக்கு இந்த ஊர்ல இருக்கிற டிரஸ்டி நான் ஒருத்தன்தான். நீ டிரஸ்டி இல்ல ரசியா. துணியைப் பெட்டியில வச்சுப் பாத்துக்கிட்ட. அதுக்கு அல்லாஹ் உனக்கு நன்மையைக் குடுப்பான்."

ரசியாவின் காது சூடாயிற்று. "சண்டை முடிஞ்சா சேவை முடிஞ்சுதா மச்சான்? அவங்க இன்னும் அங்கதானே ஆத்துல எறங்கிப் பாலம் கட்டிக்கிட்டிருக்காங்க. லீவுல சுத்திப் பாக்கவா போயிருக்காங்க?"

"அதைக் கோர்ட்டுல வக்கீல் வச்சுப் பேசு. அதுக்குள்ள என் அறுப்பு முடிஞ்சிடும்." அவர் எழுந்தார். வாசற்படியில் நின்று, திரும்பாமலே சொன்னார். "உனக்கு நான் கெட்டது நெனக்கல. உன் பங்கு நெல்லும் மூட்டையாத்தான் வந்து இறங்கும்."

அதுதான் ரசியாவை அதிகம் உறுத்தியது. அவர் சொன்னபடி செய்வார். ஒரு படி குறையாமல் கொண்டுவந்து இறக்குவார்.

அவர் போன பிறகு பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணியை எடுத்தாள். நாலாக மடித்து, கற்பூர உருண்டை போட்டு வைத்திருந்தாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். தெற்கே வயல் முழுக்க மஞ்சள். தன் பங்கு எது என்று வரப்பை வைத்துத்தான் தெரியும், நெல்லை வைத்துத் தெரியாது. கதிர் தரை தொட்டுக் கிடந்தது. மடையான் கொக்குக் கூட்டம் ஒன்று வரப்போரம் இறங்கி எழுந்தது. இந்த நெல்லுக்காக ஆடியில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்க ஆள் கிடைக்காமல் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கபீர் வந்து பார்த்து, "பரவால்லியே, பட்டாளத்துல சேத்துக்கலாம் போலருக்கே உன்னை" என்று சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறாள்.

கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ரெண்டே நாள். யாரும் சாகப்போவதில்லை. நாளை மறுநாள் ஓடம் ஓடும், குடும்பத்தில் முகமுறிவு இருக்காது, கமருன்னிஸா அக்கா நாளைக்கும் தட்டோடு வருவாள். கொடுக்காமல் இருந்தாலோ நெல் போகும், மச்சான் பேச்சு போகும், கடைசியில் ஊரிலிருந்து கடுதாசி போய்க் கபீருக்கும் கஷ்டம். துணியைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். படியிறங்கிக் கொடுத்தனுப்பிவிடலாம் என்றேதான் திரும்பினாள். அதை மறைத்துச் சொல்ல நமக்கு விருப்பமில்லை.

திரும்பும்போது வடக்கே ஆறு கண்ணில் பட்டது.

ஓடம் இக்கரையில் கட்டிக் கிடந்தது. கம்பத்தில் பச்சை மட்டும் ஆடிக்கொண்டிருக்க, முளைக்குச்சியில் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. காயாரோகணம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கரையில் செங்கொடியோடு ஐம்பது அறுபது பேர். அவர்களைத் தவிர, தள்ளி, கீரைக்கூடை இறக்கிவைத்த இரண்டு பெண்கள். குடை பிடித்த ஒரு வாத்தியார். துணிமூட்டையோடு ஒரு கிழவர், கூத்தாநல்லூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவராக இருக்கும். நீந்தத் தெரிந்த இளவட்டங்கள் முழங்காலளவு இறங்கிப் பார்த்துவிட்டு, பெண்களை விட்டு எப்படிப் போவது என்று திரும்பக் கரையேறினார்கள். கோஷம் கூடப் போடவில்லை. எல்லோரும் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துணிதானே பறக்கிறது, ஓடம் ஏன் வரவில்லை என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

தன் சம்மதம் இல்லாமலே மச்சான் கட்டவைத்துவிட்டார். ரசியாவுக்கு அழுகை முட்டியது, அதைவிடக் கோபம் முட்டியது. இவ்வளவு நேரம் கொடுப்பதா வேண்டாமா என்று மாடியில் நின்று மருகியதெல்லாம் யாருக்கும் வேண்டாத வேலையாகிவிட்டது. அவள் ஒருத்தி இருக்கிறாள் என்று அந்தக் கயிற்றுக்குத் தெரியவில்லை.

கீழே வந்து துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். பகலில் ஆற்றுத்துறைக்கு இந்த வீட்டுப் பெண்கள் தனியாகப் போவதில்லை. கொல்லைக் கதவு வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாது. ரசியா முன்வாசல் வழியாகப் போனாள்.

"அண்ணே, ஓடத்தை அவுருங்க."

காயாரோகணம் பதறி எழுந்தார். "மொதலாளி கட்டச் சொல்லிட்டாங்கம்மா. நான் சொன்னேன், ஒத்தைத் துணிதான்னு. காதுலயே வாங்கிக்கல. என்னை எதுக்கும்மா ரெண்டு பேரும் நடுவுல விட்டு நசுக்குறீங்க?"

"உங்களை நான் ஒண்ணும் கேக்கல. நான் அக்கரைக்குப் போகணும். ஓடத்துல ஏறுறவங்களை எதுக்குப் போறேன்னு கேக்கக் கூடாதுல்ல?"

"கேக்கக் கூடாதுங்க."

"அப்ப ஏறுறேன்."

ஏறினாள் என்று எழுத நமக்குச் சுலபம். துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பலகை ஆடியதில் ஒருதரம் உட்கார்ந்தே விட்டு, பிறகு நடுப்பலகையைத் தவழ்ந்து பிடித்தாள். அக்கரையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. காயாரோகணம் கயிற்றின் ஒரு சுற்றை அவிழ்த்தார். இரண்டாவது சுற்றில் கை வைத்தபோது மேட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஹாஜா மைதீன் வேகமாக வந்துகொண்டிருந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. இது ஓட்டத்துக்கு ஒரு மாற்றுக் குறைவு. பின்னால் மில் ஆட்கள் நாலைந்து பேர். துறையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

"ரசியா, இறங்கு."

"அக்கரைக்குப் போறேன் மச்சான்."

"அங்க போயி?"

"ஓடத்தை ஓட்டை ஒடைசல்னு யாரும் சொல்லியிருந்தா, அப்படி இல்லேன்னு சொல்லணும். ஏறுறவங்களை ஏத்திக்கிட்டு வரணும்."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவியைக் கையைப் பிடித்து இறக்க முடியாது. ஓடக்காரனை அதட்டலாம், ஆனால் ஓடத்தில் ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு இந்தத் துறையில் எந்தக் காலத்திலும் யாரையும் இறக்கிவிட்டதில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"நீ தனியாப் போயி அத்தனை ஆம்பளைங்க முன்னாடி நின்னா, பொம்பளையை அனுப்பிட்டு ஹாஜா மைதீன் வீட்டுல உக்காந்திருந்தான்னு ஊரு சொல்லும். நகரு. நானும் வர்றேன்."

செருப்பைக் கழற்றினார், கைலியைத் தூக்கிக் கட்டினார், வலதுகாலை ஓடத்தின் விளிம்பில் வைத்தார். காயாரோகணம் கையில் கயிற்றோடு அப்படியே நின்றுவிட்டார். அந்தக் காலையே பார்த்தார். துறையில் நின்ற எல்லோரும் அந்தக் காலைப் பார்த்தார்கள்.

இந்தத் துறைக்கு இன்னொரு வழக்கம் உண்டு. இதுவரை அதற்கு நம் கதையில் வேலை வரவில்லை. டிரஸ்டிகள் இரண்டு பேரும் ஒரே ஓடத்தில் ஏறக் கூடாது. கவிழ்ந்தால் தர்மம் அநாதையாகிவிடும் என்று பாட்டனார் வைத்த வழக்கம். கபீரின் நிக்காஹுக்கு வடகரைக்குப் போனபோது கூட, மாப்பிள்ளை ஓடம் போய்ச் சேர்ந்து திரும்பி வரும்வரை அண்ணன் பட்டுச் சட்டையோடு இந்தக் கரையில் வேர்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கல்யாணத்தின் பெண்தான் இப்போது நடுப்பலகையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஹாஜா மைதீனின் கால் விளிம்பிலேயே இருந்தது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

ரசியா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். குரலில் கிண்டல் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். முழுசாக முடியவில்லை.

"ஏறுங்க மச்சான். நான்தான் டிரஸ்டி இல்லியே. காலையில நீங்கதானே சொன்னீங்க. நீங்க தாராளமா ஏறலாம்."

ஏறினால் அவர் சொன்னது சரி என்று ஆகும். அவள் வெறும் பயணி, பச்சை மட்டும்தான் துணி, கட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டியதுதான் பாக்கி. மில் ஆட்களில் ஒருவன், "ஏறுங்க மொதலாளி" என்று கூடச் சொல்லிவிட்டான்.

ஹாஜா மைதீன் அந்த ஆற்றைப் பார்த்தார். ரசியா உட்கார்ந்திருந்த ஓடத்தையும் பார்த்தார், தன் தம்பி இருக்கிற வேறொரு ஆறு நினைவுக்கு வந்ததோ என்னவோ, முகம் ஒருமாதிரி இளகிற்று. கபீருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று மார்கழி முழுக்க ராத்திரி எழுந்து உட்கார்ந்தவர் அவர். கமருன்னிஸா ரசியாவிடம் சொல்லியிருக்கிறாள்.

காலை எடுத்தார். கரையில் வைத்தார்.

"நான் ஏறக் கூடாது" என்றார், காயாரோகணத்தைப் பார்த்து. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் துறை முழுக்கக் கேட்டது. "டிரஸ்டி ஒருத்தவங்க உள்ள இருக்காங்க. நீ அவுத்து விடு."

ஜெயித்துவிட்டோம் என்று ரசியாவுக்குத் தோன்றவில்லை. இவரை இப்படி நிற்கவைத்துப் பார்க்க வேண்டி வந்ததே என்றுதான் இருந்தது. கயிறு அவிழ்ந்தது. கழி தரையில் ஊன்றியது.

"ரசியா."

"சொல்லுங்க மச்சான்."

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்வது போலக் குனிந்துகொண்டு பேசினார். "போறது போற. அந்த வைரக்கண்ணு முடிவா என்னதான் கேக்குறான்னு கேட்டுட்டு வா. நான் கேட்டா அவன் கத்துவான், அவன் கத்துனா நானும் ஏதாச்சும் சொல்லிடுவேன். என் பங்குக்கும் சேத்து நீயே பேசு."

"பேசி ஒத்துக்கிட்டா அது உங்க வாக்கு மச்சான். அப்புறம் வந்து, நான் யுத்த காலத்துக்குத்தான் சொன்னேன்னு சொல்லக் கூடாது."

ஹாஜா மைதீனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவிடவில்லை. "ரொம்ப ஏத்திக் குடுத்துடாத" என்று மட்டும் சொன்னார்.

ஓடம் நீரோட்டத்தில் சாய்ந்து மெல்ல வடக்கே திரும்பியது. ரசியா திரும்பிப் பார்த்தபோது பச்சைத் துணி இன்னும் கம்பத்தில்தான் இருந்தது. அவர் அதை இறக்கவில்லை. அதற்குக் கீழே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தூரத்தில், அறுப்பாட்கள் வயல் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து யாராவது வந்து ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார்கள். நெல்லும் காத்திருந்தது.

அக்கரை நெருங்க நெருங்க ரசியா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டாள். கூலி நெல் எவ்வளவு அளப்பது என்று அவள் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை. கபீர் இருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தாள், அவர் குரல் வரவில்லை. வராமல் போனதே நல்லது என்று பட்டது. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது இந்த வேலையைத்தான், பதில்களை அல்ல.

ஓடம் மணலில் உரசி நின்றது. கூட்டம் விலகியது. வைரக்கண்ணு முன்னால் வந்தான். நெட்டையான ஆள், தோளில் சிவப்புத் துண்டு. இக்கரையில் நின்ற ஹாஜா மைதீனையும் ஓடத்தில் உட்கார்ந்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தான். மரியாதையாகத்தான் கேட்டான், ஆனால் சந்தேகத்தோடு கேட்டான்.

"வாங்கம்மா. யாருக்காகப் பேச வந்திருக்கீங்க? பட்டாளத்துக்காரருக்கா, ராவுத்தருக்கா?"

ரசியா எழுந்து நின்றாள். இந்த முறை பலகை ஆடவில்லை, காயாரோகணம் கழியை அழுத்திப் பிடித்திருந்தார்.

"ரெண்டு பேருக்கும்தான். ஆனா அதைக் கரையில இறங்கிப் பேசுவோம்" என்றாள். பிறகு அவனைத் தாண்டிப் பின்னால் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "முதல்ல அந்தப் பெரியவரை ஏத்துங்க. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. கீரைக்கூடை யாருது? வாங்க, வாங்க. ஓடம் இன்னிக்கு நிக்காது."